நைஸ் என்றொரு சொல்



1815 ஜூன் 18. பெல்ஜியத்தில் வாட்டர்லூ என்ற ஊருக்குப் பக்கத்தில் நடந்த போரில் நெப்போலியன் தோற்றுப் போனார். மறுநாள் பிரஸ்ஸல்ஸ் நகரில், வென்ற தளபதி வெல்லிங்டனைத் தாமஸ் கிரீவி என்ற அரசியல்வாதி சந்தித்தார். நம் பக்கமும் கூட்டாளிகளான பிரஷ்யர் பக்கமுமாக 30,000 பேரை இழந்துவிட்டோம் என்று சொன்னார் வெல்லிங்டன். சொன்ன கையோடு அந்தப் போரை ‘நைஸ்’ என்றும் வர்ணித்தார். முன்னால் ஒரு வசைச்சொல்லும் உண்டு. அதை வானொலியில் சொல்ல வேண்டாம். கிரீவி இதைக் குறித்து வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

இத்தனை பேர் விழுந்த சண்டையை நைஸ் என்று சொல்ல வெல்லிங்டன் என்ன கல்நெஞ்சரா? இல்லை. இன்று நாம் நினைக்கும் பொருளில் அவர் சொல்லவில்லை. ‘மயிரிழையில் பிழைத்தோம், கொஞ்சம் பிசகியிருந்தால் கதை மாறியிருக்கும்’ என்பதுதான் அவர் சொன்னது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் நைஸ் என்றால் நூலிழையில் நிற்கும் விஷயம் என்றும் ஒரு பொருள் இருந்தது.

இந்தச் சொல் அளவுக்கு வேஷம் மாற்றிய ஆங்கிலச் சொற்கள் குறைவு. பிறந்த இடம் லத்தீன். ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘சயன்ஸ்’ என்ற சொல் எந்த வேரில் முளைத்ததோ அதே வேர்தான். முன்னால் ஓர் இல்லை என்பதைச் சேர்த்துக்கொண்டது, அவ்வளவே. பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலாந்துக்குள் வந்தபோது நைஸ் என்றால் மடையன், அசடு. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் ஒருவனை நைஸ் என்றால் அது திட்டு.

அசட்டுத்தனத்தில் தொடங்கிய சொல், பகட்டுக்காரன், ஒழுக்கம் கெட்டவன் என்றெல்லாம் சுற்றியது. அங்கிருந்து, எதிலும் குறை காண்கிறவன், தொட்டதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவன் என்ற பக்கம் திரும்பியது. ‘இவர் சாப்பாட்டில் ரொம்ப நைஸ்’ என்றால், தட்டில் பாதியை ஒதுக்கி வைக்கிற ஆள் என்று அர்த்தம். குறை காண்கிறவனுக்குக் கண் கூர்மை வேண்டுமல்லவா? அதனால் நுட்பம், துல்லியம், மென்மை எல்லாம் இந்தச் சொல்லோடு வந்து ஒட்டிக்கொண்டன. நடுவில் ‘அற்பமானது’ என்றும் ஒரு பொருள். ரோமியோ ஜூலியட் நாடகத்தில் பாதிரியார் லாரன்ஸ் எழுதி அனுப்பிய கடிதம் ரோமியோ கைக்குப் போய்ச் சேரவில்லை. செய்தி கேட்டுப் பதறுகிற பாதிரியார், அது நைஸான கடிதம் அல்லவே என்கிறார். லேசுப்பட்ட சங்கதி இல்லை என்பது அதன் பொருள். தெரியாமல் படிக்கிற மாணவர், கடிதம் நன்றாக எழுதப்படவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் சில இடங்களில் இந்தச் சொல் எந்தப் பொருளில் நிற்கிறது என்று தீர்மானிப்பது கடினம் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களே கைவிரித்திருக்கிறார்கள்.

இனிமையான, நல்ல என்ற இன்றைய பொருள் பரவலானது 18ஆம் நூற்றாண்டில். அது வந்ததும் மற்றவற்றை எல்லாம் ஓரங்கட்டிவிட்டது. இதை முதலில் கேலி செய்தவர்களில் ஒருவர் ஜேன் ஆஸ்டின். அவருடைய ‘நார்த்தாங்கர் அபே’ நாவல், அவர் இறந்த பிறகு, 1817 டிசம்பரில் வெளிவந்தது. பாத் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் மேல் மூன்று பேர் நடந்து போகிறார்கள். கேதரின் என்ற இளம்பெண், தான் படித்த பேய்க்கதைப் புத்தகம் உலகத்திலேயே நைஸான புத்தகம் இல்லையா என்று கேட்கிறாள். உடன் வரும் ஹென்றி டில்னி விடுவாரா? நைஸ் என்றால் நறுவிசு என்றுதானே பொருள், அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறார். நாள் நைஸ், நடை நைஸ், பெண்களும் நைஸ், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லா என்று நீட்டி முழக்குகிறார்.

பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். ஹென்றியின் சகோதரி எலினார் குறுக்கிட்டு, உனக்கு நைஸ் இருக்கிற அளவுக்கு விவேகம் இல்லை என்று ஒரு போடு போடுகிறாள். அதாவது, நீ நொட்டைச் சொல் சொல்கிற ஆள். ஹென்றி எந்தப் பழைய பொருளுக்காக வாதாடினாரோ, அந்தப் பக்கத்துப் பொருளையே எடுத்து அவர் மேல் வீசுகிறாள். இலக்கணம் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை.

1926இல் ஃபௌலர் என்ற இலக்கண ஆசான், தமது புகழ்பெற்ற நூலில், பெண்கள் கொஞ்சிக் கொஞ்சியே இந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று அங்கலாய்த்தார். பழியைப் பெண்கள் தலையில் கட்டுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். அந்தச் சொல்லை வைத்து அவருக்கு நூறு வருஷம் முன்பே அழகாக விளையாடிக் காட்டியவரும் ஒரு பெண்தானே?

சரி, இன்று ஆங்கிலத்தில் இது எப்படி இருக்கிறது? குழந்தையிடம் ‘பி நைஸ்’ என்றால் அடிக்காதே, பிடுங்காதே, அன்பாக இரு. காப்பி ‘நைஸ் அண்ட் ஹாட்’ என்றால் நல்ல சூடு. இங்கே நைஸ் தனியாக ஒன்றும் சொல்வதில்லை, சூட்டைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. நம் ஊரில் ‘நல்ல வெயில்’, ‘நல்ல அடி’ என்கிறோமே, அந்த மாதிரி. பிறகு குரல். வானொலியில் இது வசதி, செய்தே காட்டலாம். ‘நைஸ்!’ என்று உற்சாகமாகச் சொன்னால் பாராட்டு. கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தவனைப் பார்த்து, ‘வெரி... நைஸ்’ என்று இழுத்துச் சொன்னால் அவன் ஓடிவிடுவது நல்லது. ஒருவர் ஆசையாகக் காட்டியதைப் பார்த்து, சுரத்தில்லாமல் ‘தட்ஸ் நைஸ்’ என்றால், பேச்சை மாற்றுவோமா என்று பொருள். பழைய நுட்பமும் முழுக்கச் சாகவில்லை. நீதிமன்றத்தில் ‘நைஸ் பாயின்ட்’ என்றால் நல்ல வாதம் என்று வக்கீல் பூரித்துவிட முடியாது. அது இழை பிரித்துப் பார்க்க வேண்டிய கேள்வி என்பதாகவும் இருக்கலாம்.

இனி நம் கதைக்கு வருவோம். தமிழில் நைஸ் ஒரு தனிக் குடித்தனம் நடத்துகிறது. மாவு மில்லில் நின்று பாருங்கள். இடியாப்பத்துக்கு அரைக்க வந்த அம்மா, ‘நைஸா அரைச்சுக் குடுப்பா’ என்கிறார். மில்காரர் குழாய் வாயில் விழும் மாவில் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்க்கிறார். கொரகொரப்பு தட்டினால் கல்லை இன்னும் கொஞ்சம் நெருக்குகிறார். மளிகைக் கடையில் கெட்டி அவல் ஒரு டப்பா, நைஸ் அவல் ஒரு டப்பா. துணிக்கடையில் புடவையைத் தடவி, ‘நைஸா இருக்கு’ என்றால் விலை பற்றிய பேச்சு இல்லை, இழை பற்றிய பேச்சு. லண்டன்காரரிடம் மாவு நைஸ் என்றால், நல்ல மாவு என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் சொல்கிற பொருளுக்கு அவர் ‘ஃபைன்’ என்பார். ஆனால் ஹென்றி டில்னி கேட்டிருந்தால், நம் மில்லுக்கு வருகிற அம்மாவைப் பாராட்டியிருப்பார்.

இன்னொரு நைஸ் கொஞ்சம் பொல்லாதது. கூட்டம் முடிவதற்குள் ஒருவர் நைஸாக நழுவுகிறார். மகள் அப்பாவை நைஸ் பண்ணி சைக்கிள் வாங்கிக்கொள்கிறாள். ஓசைப்படாமல், சந்தேகம் வராமல், வழுக்கிக்கொண்டு காரியம் சாதிப்பது. ஏற்கெனவே நம்மிடம் ‘நைச்சியமாகப் பேசி’ என்றொரு வழக்கு இருக்கிறது. அது தாழ்மை என்ற பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. வைணவ ஆசாரியர்கள் தங்களைத் தாழ்த்திக்கொண்டு பாடுவதை நைச்சியானுசந்தானம் என்பார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனாலும் பேச்சில் நைச்சியமும் நைஸும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வசிக்கின்றன. ‘மூதாட்டியிடம் நைசாகப் பேசி நகை பறிப்பு’ என்று நாளிதழில் தலைப்பு வந்தால் அதில் பாராட்டு துளியும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர்கள் கட்டுரையில் நைஸைக் கண்டால் சிவப்பு மையில் அடிப்பது வழக்கம். எழுத்தில் அடிக்கட்டும், தப்பில்லை. படம் நைஸ், பாட்டு நைஸ், பயணம் நைஸ் என்று எழுதினால் எதுவும் கண்ணில் நிற்காது. பேச்சில் மட்டும் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. அங்கே அந்த வெறுமையை நிரப்பக் குரல் இருக்கிறது.

மாணவ நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1850க்கு முந்தைய ஆங்கிலப் புத்தகம் எதிலாவது நைஸ் தென்பட்டால், ‘நல்ல’ என்று மொழிபெயர்த்துவிட்டு நகராதீர்கள். எந்தப் பொருள் எந்த ஆண்டில் வந்தது என்று காட்டும் பெரிய அகராதிகள் பல நூலகங்களில் இருக்கின்றன. ஒரு நிமிஷம் புரட்டிப் பாருங்கள்.