தெர்மாமீட்டர் போன வழி

(இந்த ஆண்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துள்ள நம் சேரிப் பிள்ளைகளை வரவேற்றுத் தோழர்கள் நடத்திய கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்த மேசை மேல வெள்ளைக் கோட்டுகளை மடிச்சு அடுக்கி வச்சிருக்காங்க. கூட்டம் முடியும்போது இதை நான்தான் உங்களுக்குப் போட்டுவிடணும்னு தோழர்கள் கேட்டாங்க. போடலாமா வேண்டாமான்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தச் சடங்கைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.

நான் 1979இல் சேர்ந்தேன். அப்ப இந்த மாதிரி விழா எல்லாம் கிடையாது. கோட்டுத் துணி வாங்க எங்க அம்மா ரெண்டு ஆட்டை வித்தாங்க, அதுதான் எங்க வீட்டு விழா. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற வெள்ளைக் கோட்டு விழாவுக்கு வயது அதிகமில்லை. 1993இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் அர்னால்டு கோல்டு என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர் முன்நின்று நடத்தியதிலிருந்துதான் இது பரவியது. படிப்பு முடிந்த பிறகு உறுதிமொழி எடுப்பது காலம் கடந்த காரியம், நோயாளியிடம் மனிதனாக நடந்துகொள்வதை முதல் நாளிலேயே மனதில் பதிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். அதே கொலம்பியாவில்தான் 1913 முதல் 1916 வரை பாபாசாகேப் அம்பேத்கர் படித்தார். பாபாசாகேப்பிடம் நான் திரும்ப வருவேன்.

ஆனா மருத்துவம் படிக்க வர்றவனைச் சடங்கு செஞ்சு உள்ளே சேர்க்கிறது அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதில்ல. இந்த நாட்டில் சுசுருத சம்ஹிதையிலேயே அது இருக்கிறது. நல்ல நாள் பார்த்து, தீ வளர்த்து, சீடனை ஏற்றுக்கொள்ள வேண்டும். யாரை ஏற்கலாம் என்பதற்குப் பட்டியலும் உண்டு: பிராமணன், சத்திரியன், வைசியன். நல்ல குலத்துச் சூத்திரனாக இருந்தால் மந்திரமும் உபநயனமும் இல்லாமல் சொல்லிக் கொடுக்கலாம் என்று சிலர் கருதுவதாகவும் ஒரு குறிப்பு. அதற்கும் கீழே இருந்த நம்மைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்னொன்றும் அதே இடத்தில் வருகிறது. ஏழைக்கும் அநாதைக்கும் சொந்த உறவுக்குப் பார்ப்பதுபோல் வைத்தியம் பார் என்று சொல்கிற அதே பகுதிதான், வேடனுக்கும் பறவை பிடிப்பவனுக்கும் சாதியிலிருந்து விழுந்தவனுக்கும் பாவம் செய்தவனுக்கும் பார்க்காதே என்கிறது. கருணை இருக்கு தோழர்களே, இல்லேன்னு சொல்லல. அந்தக் கருணைக்கு ஒரு வேலி இருக்கு. வேலிக்கு வெளியே யாரு நின்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.

சரக சம்ஹிதையிலும் சீடனுக்கான உபதேசம் உண்டு. வெற்றியும் செல்வமும் புகழும், செத்த பிறகு சொர்க்கமும் வேண்டுமென்றால், பசுவையும் பிராமணரையும் முதலில் வைத்து எல்லா உயிர்களின் நலத்தையும் நாடச் சொல்கிறது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய மாணவர்களுக்குச் சரகர் பெயரால் ஒரு சபதத்தைப் பரிந்துரைத்தது. பழைய வரிகளைத் திருத்தித்தான் கொடுத்தார்கள், பசுவும் பிராமணரும் அதில் இல்லை. நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்தப் பெயரை ஏன் தேடிப் பிடித்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஏப்ரல் 30ஆம் தேதி மதுரை மருத்துவக் கல்லூரி விழாவில் சரகர் சபதம் வாசிக்கப்பட்டுப் பெரிய பிரச்சினையானது. கல்லூரி முதல்வரைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள், சில நாளில் திரும்ப அமர்த்தினார்கள். இப்போகிரட்டஸா, சரகரா என்று பத்திரிகைகளில் அடிதடி.

நான் அப்ப ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். பேப்பரை மடிச்சு வச்சிட்டு யோசிச்சேன். சமஸ்கிருதம் வேண்டாம்னு சொன்னவங்க சொன்னது சரி. ஆனா அவங்க பிடிச்சுக்கிட்டு நின்ன உறுதிமொழிகள்ல நமக்கு என்ன இருக்கு?

கிரேக்க உறுதிமொழி அப்பல்லோ தெய்வத்தின் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறது. குருவின் பிள்ளைகளைக் கூடப்பிறந்தவர்களாக நினைத்துக் காசு வாங்காமல் சொல்லிக்கொடு, ஆணையிட்டுச் சேர்ந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் சொல்லாதே என்கிறது. அதுவும் கதவைச் சாத்துகிற சங்கம்தான். ஆனால் நோயாளியின் வீட்டுக்குப் போனால் ஆணோ பெண்ணோ, சுதந்திரமானவரோ அடிமையோ, யாரிடமும் தவறாக நடக்காதே என்று அடிமையைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. நாஜி மருத்துவர்கள் செய்த கொடுமைகளைப் பார்த்த பிறகு, 1948இல் உலக மருத்துவச் சங்கம் ஜெனீவாவில் புதிய உறுதிமொழி எழுதியது. மதம், நாடு, இனம், கட்சி, சமூக நிலை எதுவும் எனக்கும் நோயாளிக்கும் நடுவே வராது என்பது அதன் சாரம். 2017இல் மறுபடி திருத்தினார்கள். அந்தப் பட்டியலை விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். சாதி என்ற சொல் இல்லை.

சமூக நிலைன்னா அதுல சாதியும் அடக்கம்தானே டாக்டர்னு ஒரு நண்பர் கேட்டார். அடக்கம்தான். நம்மை எப்பவும் எதுக்குள்ளயாவது அடக்கித்தானே வச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் பேர் இருக்கு, நம்மைக் கொல்றதுக்கு மட்டும் பேர் இல்லையா?

கொல்றதுன்னு சும்மா சொல்லல. பாபாசாகேப் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் ஒரு கடிதத்தை எடுத்துத் தருகிறார். கத்தியவாரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஒரு தீண்டப்படாதவர் எழுதியது, 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்தது. அவர் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயில் விழுகிறார். மூச்சு வாங்குகிறது. டாக்டர் சேரிக்கு வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சிபாரிசு செய்து, 2 ரூபாய் கட்டணத்துக்கு ஒருவர் ஜாமீன் நின்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்கிறார். பிள்ளை பெற்ற உடம்போடு அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவனிடம் கொடுக்கிறார். கணவன் மனைவிக்கு வைக்கிறார். வந்த வழியே அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் டாக்டர் அதைப் பார்த்து நிமோனியா என்கிறார். நெஞ்சில் கை வைக்கவில்லை. மருந்து அனுப்பினார். மறுபடி கூப்பிட்டபோது வரவில்லை. அந்தப் பெண் செத்துப்போனார்.

அந்த டாக்டரும் எங்கேயோ படித்துத்தான் வந்திருப்பார். அவருக்கு நிமோனியா தெரிந்திருந்தது, தொடுவதுதான் முடியவில்லை. அதனால்தான் சொல்றேன், எந்த மொழியில உறுதிமொழிங்கிறது ரெண்டாவது கேள்வி. தெர்மாமீட்டர் எந்த வழியா போகுதுங்கிறதுதான் முதல் கேள்வி.

இது டாக்டர் செஞ்சது. இப்ப நான் செஞ்சதைச் சொல்றேன். யாரிடமும் இதுவரை மேடையில சொன்னதில்ல.

முதல் வருசம் உடற்கூறியல் கூடத்துல பிணத்தைத் தூக்கி வைக்கிறது, ஃபார்மலின் ஊத்துறது, முடிஞ்சதும் துண்டு துண்டா எடுத்துப் புதைக்க அனுப்புறது எல்லாம் ஒரு அட்டெண்டர். அம்பது வயசு இருக்கும். மூணாம் நாளோ நாலாம் நாளோ என் பக்கத்துல வந்து மெதுவா, "நீ இன்ன ஊரு காலனிதானே? உங்கம்மா எனக்குத் தங்கச்சி முறை. நான் உனக்கு மாமன்டா"ன்னார். அவர் கண்ணு கலங்கியிருந்துச்சு. நம்ம பிள்ளை ஒண்ணு கத்தி பிடிக்கிற பக்கம் நிக்குதேங்கிற சந்தோசம். என் மேசையில கூட இருந்த ஏழு பேரும் திரும்பிப் பாத்தாங்க. நான், "நீங்க வேற யாரையோ சொல்றீங்க"ன்னுட்டேன்.

அவர் ஒண்ணும் சொல்லல. மறுநாள்லேர்ந்து என்னை "சார்"னு கூப்பிட்டார். ஆனா பரீட்சைக்கு முந்தின வாரம் எல்லாரும் போன பிறகு எனக்காகக் கூடத்தைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருந்தார். நரம்பு எது, ரத்தக்குழாய் எதுன்னு விரலால எடுத்துக் காட்டினார். எனக்கு உடற்கூறியல் கத்துக்கொடுத்ததுல பாதி அவர்தான்.

வேலைக்கு வந்த பிறகு பிரேதப் பரிசோதனைக்கு நின்னேன். அங்கேயும் அறுக்கிறது, மண்டையைத் திறக்கிறது, தைக்கிறது எல்லாம் நம்ம ஆள். டாக்டர் மூக்குல கைக்குட்டையை வச்சுக்கிட்டு நாலடி தள்ளி நின்னு எழுதுவார். எனக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் நின்னார். நானும் சில மாசம் அப்படித்தான் நின்னேன். ஒருநாள் சுரீர்னு உறைச்சுது. கத்தியவார் டாக்டர் நின்ன தூரமும் இதுதானே? அன்னைக்குக் கையுறை போட்டுக்கிட்டுப் பக்கத்துல போனேன். ஆனா மாமாகிட்ட மட்டும் போகல. போகணும் போகணும்னு நினைச்சு வருசம் ஓடிப்போச்சு. கடைசியில சாவுக்குத்தான் போனேன். வாசல்ல நின்ன அவர் மகன் உள்ளே பாத்து, "டாக்டர் சார் வந்திருக்காரு"ன்னான்.

அந்தக் கோட்டு என்னைச் சேரியிலேர்ந்து மறைச்சிடும்னு நினைச்சேன் தோழர்களே. மறைக்கல. விடுதியில என் பின்னாடி "கோட்டா"ன்னுதான் சொன்னாங்க. அந்த வார்த்தையோட வரலாறு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பதில் சொல்லியிருப்பேன். சென்னை மாகாணத்துல கம்யூனல் ஜி.ஓ. இருந்தப்ப 14 இடத்துல நமக்கு 2 இடம். அதை எதிர்த்த வழக்குகளில் ஒன்று மருத்துவக் கல்லூரி இடத்தை வைத்துத்தான் போடப்பட்டது, போட்டவர் அந்த இடத்துக்கு விண்ணப்பமே செய்யவில்லை. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதாக்கியது. தமிழ்நாடு கொதித்தது. ஜூனில் அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்தது. நீங்க உக்காரப் போற பெஞ்சு யாரோ பிச்சை போட்டதில்ல.

இன்னைக்கு எல்லாம் மாறிப்போச்சுன்னு சொல்வாங்க. தில்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு பற்றி விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. நம் மாணவர்கள் தொல்லை தாங்காமல் விடுதியில் குறிப்பிட்ட மாடிகளில் ஒதுங்க நேர்ந்ததை அது பதிவு செய்தது. விடுதிக்குள்ளேயே ஒரு சேரி. 2017 செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டம் குழுமூரில் அனிதா போனாள். 1200க்கு 1176 வாங்கியவள், நீட் தேர்வு அடைத்த கதவுக்கு முன்னால் உயிரை விட்டாள். 2019 மே 22 அன்று மும்பையில் பாயல் தட்வி போனார். ஆதிவாசிப் பெண், மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு மாணவி. சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாக மூத்த மருத்துவர்கள் மூவர் மீது வழக்கு வந்தது. ஒருத்தி கோட்டு போடுறதுக்கு முன்னாடியே போனாள். இன்னொருத்தி போட்ட பிறகும் போனாள். வெள்ளைத் துணி யாரையும் காப்பாத்தல.

அதனால மூணு விசயம் சொல்லிட்டு முடிக்கிறேன்.

ஒண்ணு, யாராவது உங்களைச் சாதி சொல்லிப் பேசினா தனியா விடுதி ரூம்ல அழாதீங்க. தேதி, நேரம், பேசின வார்த்தை எல்லாத்தையும் எழுதி வையுங்க. எழுத்துல புகார் குடுங்க. 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்கானது. நம்ம தோழர்கள் போன் நம்பர் உங்க எல்லார்கிட்டயும் இருக்கணும்.

ரெண்டு, காலேஜ்ல எந்த உறுதிமொழியை வாசிக்கச் சொன்னாலும், நீங்க மனசுக்குள்ள ஒரு வரி சேர்த்துக்குங்க. "சாதி பார்க்க மாட்டேன், கையால தொட்டுப் பார்ப்பேன்." பிறகு அதைச் சத்தமாச் சொல்ல வைக்கிறதுக்குப் போராடுவோம்.

மூணு, அங்கே பெருக்குறவங்க, பிணம் தூக்குறவங்க, பாத்ரூம் கழுவுறவங்கள்ல முக்காவாசிப் பேரு யாருன்னு போன உடனே தெரிஞ்சுக்குவீங்க. அவங்க உங்களைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க அவங்ககிட்டப் போங்க. மாமா, பெரியம்மா, அண்ணன், என்ன முறை வருதோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்க. நாலு பேர் பார்க்கும்போது கூப்பிடுங்க.

இப்ப கோட்டு விசயம். இதை நான் போட்டுவிட மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்ல. முன்வரிசையில அரசு ஆஸ்பத்திரித் துப்புரவுத் தோழர்கள், பிணவறைத் தோழர்கள் வந்து உக்காந்திருக்காங்க. உங்க அப்பா அம்மாவும் இருக்காங்க. அவங்க மேடைக்கு வரட்டும், அவங்க கையால போட்டுக்குங்க. வாங்கம்மா, தயங்காதீங்க, கையைத் துடைக்க வேண்டாம். அந்தக் கையாலேயே போட்டுவிடுங்க.

ஜெய்பீம்.