கட்டிக்குள் குடியிருக்கும் கிருமி



எங்கள் லயத்தில் ஓர் அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டது. புற்றுக்கட்டிக்குள் கிருமி இருக்கிறதாம் என்ற செய்தி யார் மூலமோ வந்து சேர்ந்தது. அன்று முதல் அவருக்குத் தனிக் குவளை, தனித் தட்டு. பேரப்பிள்ளையைக்கூட அவர் மடியில் விடவில்லை. நோயைவிட இதுதான் அவரை அதிகம் வாட்டியது. வந்த செய்தி பொய்யல்ல. புரிந்துகொண்ட விதம்தான் தவறு. அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

நமது வாயில், பல் ஈறுகளின் இடுக்கில், ஃபியூசோபாக்டீரியம் என்றொரு நுண்கிருமி வாழ்கிறது. என் வாயிலும் இருக்கலாம். உங்கள் வாயிலும் இருக்கலாம். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆராய்ச்சியாளர்கள் பெருங்குடல் புற்றுக்கட்டிகளைச் சோதித்தார்கள். பக்கத்திலுள்ள நல்ல சதையைக் காட்டிலும் கட்டியில் இக்கிருமி மிகுதியாக இருக்கக் கண்டார்கள்.

பட்டுப்போன பால்மரத்தில் கரையானைப் பார்க்கிறோம். கரையான் வந்ததால் மரம் பட்டதா? மரம் பட்டதால் கரையான் வந்ததா? விஞ்ஞானிகளுக்கும் இதே கேள்விதான் எழுந்தது.

இக்கிருமி அங்கே சும்மா குடியிருக்கவில்லை என்று பின்னர் தெரிந்தது. புற்று உயிரணுக்களின் மேற்புறத்தில் ஒருவகைச் சர்க்கரைப் பொருள் மிகுந்திருக்கும். கிருமி அதைப் பற்றிக்கொண்டு கட்டியில் தங்குகிறது. தங்கியபின் இரண்டு கெடுதல்களைச் செய்கிறது. ஒன்று, உயிரணுக்களை மேலும் மேலும் பெருகும்படி தூண்டுகிறது. மற்றொன்று, கட்டியை அழிக்க வரும் நமது வெள்ளை அணுக்களின் கையைக் கட்டிப்போடுகிறது.

2017ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலும் அதே கிருமி கூடவே போயிருந்தது. அப்படிக் கிருமியுள்ள கட்டியைச் சுண்டெலிகளில் வளர்த்து, கிருமியைக் கொல்லும் மருந்தைக் கொடுத்தபோது, கட்டியின் வளர்ச்சி மந்தமாயிற்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எலியில் கண்டது இன்னும் மனிதருக்கு வைத்தியமாகிவிடவில்லை. ஆகவே, கடையில் மாத்திரை வாங்கி நீங்களாகவே விழுங்காதீர்கள். எல்லாக் கட்டிகளிலும் இக்கிருமி இருப்பதுமில்லை.

அப்படியானால் இந்த நோய் தொற்றுமா? தொற்றாது. கிருமியோ பலருடைய வாயிலும் முன்பே இருக்கிறது. புற்றுநோய் என்பது அவரவர் உடலின் உயிரணுக்களே கட்டுமீறிப் பெருகுவது. அது குவளை வழியாகத் தாவாது. மடியில் உட்கார்ந்தாலும் ஒட்டாது.

நாம் செய்ய வேண்டியது என்ன? காலையிலும் இரவிலும் பல் துலக்குங்கள். ஈறு வீங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்தில் ரத்தம் கண்டால், மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டி மறைக்காதீர்கள். 50 வயதைக் கடந்தவர்கள் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் மலச் சோதனை பற்றிக் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

ஒரு மாலை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவர் கலக்கிக் கொடுத்த தேத்தண்ணீரை, அவருடைய குவளையிலேயே வாங்கிக் குடித்தேன். மகனும் மருமகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் போனபோது அந்தக் குவளை அடுக்களையில் மற்றக் குவளைகளோடு சேர்ந்து கவிழ்ந்திருந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குவளை ஒதுங்கி இருந்தால், இன்றே எடுத்து மற்றவற்றோடு வையுங்கள்.