வரப்பில் காத்திருக்கும் கொள்ளைக்கார ஈ

செங்கல்பட்டு வயல் வரப்பிலோ மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பிலோ, காய்ந்த குச்சி நுனியில் முகத்தில் தாடியும் நீண்ட வயிறும் கொண்ட பூச்சி அமர்ந்திருந்தால், குளவி என்றெண்ணி மருந்தடித்துவிடாதீர்கள். குளவிக்கு இறக்கை நான்கு, இதற்கு இரண்டே. கண்களுக்கிடையே உச்சந்தலை பள்ளமாக இருக்கும். இதுவே கொள்ளைக்கார ஈ.

அசிலிடே என்னும் இக்குடும்பத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒம்மேட்டியஸ் என்ற பேரினத்தை 1821-இல் வகுத்தவர் ஜெர்மானிய அறிஞர் வீடமான். உணர்கொம்பின் நுனியிழையில் சீப்புப் பற்கள்போல் மயிர் வரிசை இருப்பதே அதன் அடையாளம். பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

பறக்கும் பூச்சியைப் பறந்தே பிடித்து, குத்தி, சாற்றை உறிஞ்சிவிடும். தேனீயையும் விடாது, தேன்பெட்டி வைத்திருப்போர் கோபிப்பது நியாயமே. ஆனால், பல இனங்களின் புழுக்கள் மண்ணுக்குள் வண்டுப் புழுக்களைத் தின்கின்றன. வேர்ப்புழுத் தொல்லையுள்ள நிலக்கடலைக்காரர்கள் மருந்துப் புட்டியைத் திறக்குமுன் ஒருமுறை வரப்பைச் சுற்றிப் பார்த்து வாருங்கள்.