வலைக்கண் பார்க்கும் விரல்கள்



கொச்சி தோப்பும்படி துறைமுகத்தில் மீனவர்கள் வலையை விரித்து, ஒவ்வொரு கண்ணையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். கிழிசல் இருந்தால் ஊசியும் நூலும் வரும். தேறாத இடத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

நம் செல்லுக்குள் இந்த வேலையைச் செய்வது, 1979-இல் கண்டறியப்பட்ட பி53 புரதம். டி.என்.ஏ. பழுதானால் செல் பிரிவதை நிறுத்தும், பழுதுபார்க்க வைக்கும், தேறாத செல்லை மடியச் செய்யும். ஆர்.பி. என்ற புரதமோ, நேரம் வராமல் செல் பிரியாதபடி பிடித்து வைக்கும்.

எச்.பி.வி. வைரஸின் ஆபத்தான வகைகள் கருப்பை வாயில் பல ஆண்டுகள் தங்கிவிட்டால், அவற்றின் ஈ6 புரதம் பி53-ஐ அழிக்கும், ஈ7, ஆர்.பி.யை முடக்கும். காவல் இழந்த செல் புற்றாக மாறலாம்.

இதைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக்குக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. 9 முதல் 14 வயதுக்குள் நம் பெண் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவோம். கிழிந்த பிறகு தைப்பதைவிட, கிழியாமல் காப்பதே நல்லது!