நடுகல் பெறாதோர்



அமெரிக்கக் கவிஞர் நட்டாஷா டிரெத்வே 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்துக் கல்ப்போர்ட் நகரில் பிறந்தார். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பொருது மாண்ட தென்மாநிலக் கூட்டமைப்பு வீரரை நினைவுகூரும் நாள் அது. தாயார் கறுப்பினத்தவர், தந்தையார் வெள்ளையர், அவரும் கவிஞர். இத்தகைய மணம் மிசிசிப்பியில் குற்றம். ஆதலின் ஒகையோ சென்று மணந்தனர். அச்சட்டங்களை உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது 1967இல்தான்.

பெற்றோர் பிரிந்தனர், தாயார் மறுமணம் செய்தார். அதனையும் முறித்து வெளியேறிய அவரை, 1985 ஜூன் திங்களில் அட்லாண்டாவில் அம்முன்னாள் கணவனே சுட்டுக் கொன்றான். மகளுக்கு அப்போது வயது 19. தாயின் கல்லறை நெடுங்காலம் பெயர்க்கல் இன்றியே கிடந்தது.

அத்துயர் முழு உருப்பெற இருபதாண்டுகள் ஆயின. 2006இல் வெளிவந்த மூன்றாம் தொகுதி 'நேட்டிவ் கார்டு'. கல்ப்போர்ட்டுக்கு எதிரே கடலில் ஷிப் தீவு உள்ளது. 1863இல் லூசியானாவின் கறுப்பினப் படையொன்று அங்கே நிறுத்தப்பட்டது. விடுதலை பெற்ற அடிமைகள் பலர் அதில் இருந்தனர். அவர்கள் காவல் காத்தது, நேற்றுவரை தம்மை அடிமை கொண்டிருந்த தரப்பின் வெள்ளைக் கைதிகளை! பிற்காலத்தில் அக்கைதிகளுக்கு நினைவுப் பலகை எழுந்தது. காவலர்க்கோ, டிரெத்வே பாடிய நாளில் ஒரு சிறு கல்லும் இல்லை.

தலைப்புக் கவிதையில் பேசுபவன் அக்காவலருள் ஒருவன். எழுத்தறியாக் கைதிகளுக்குக் கடிதம் எழுதித் தருகிறான். வெள்ளையர் வீடொன்றில் எடுத்த பழங்குறிப்பேட்டில், முன்னோன் வரிகளுக்குக் குறுக்கே தன் வரிகளைப் பதிக்கிறான். பதினான்கடிப் பாக்கள் பத்து. ஒன்றன் இறுதியை அடுத்தது தொடக்கமாகக் கொள்ள, பத்தாவதன் முடிவு முதற்பாவின் தொடக்கத்தைச் சென்று சேர்கிறது. தமிழ் யாப்பறிந்தோர் இதனை மண்டலித்த அந்தாதி என்றே கூறுவர். மறதியை எதிர்த்து நிற்க இதனினும் பொருந்திய வடிவம் கிடைப்பது அரிது. அன்னைக்கான இரங்கற் பாக்களும் இதே தொகுதியில் உள்ளன. பெற்ற தாயையும் பேர்தெரியாப் படைவீரரையும் ஒருசேர நிறுத்தியதே இந்நூலின் துணிவு.

2007இல் புலிட்சர் பரிசு வந்தது. 2012 முதல் 2014 வரை, அரசன் இல்லாத அந்நாட்டின் அரசவைக் கவிஞராகவும் இருந்தார். பேராசிரியப் பணியோ அவரை 2001இல் அட்லாண்டாவுக்கே, எமரி பல்கலைக்கழகத்துக்கு, மீட்டுக் கொணர்ந்தது. 2017இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் சென்றார்.

தாயின் கொலையை உரைநடையில் எழுதியது 2020இல். 'மெமோரியல் டிரைவ்' என்பது அந்நூலின் பெயர். தாயார் கொலையுண்ட குடியிருப்பை ஒட்டிய சாலையின் பெயரும் அதுவே. அச்சாலை அட்லாண்டாவினின்று கிழக்கே ஸ்டோன் மலையை நோக்கிச் செல்கிறது. அம்மலைப் பாறையில் தென்மாநிலத் தலைவர் மூவர், குதிரைமேல் அமர்ந்த கோலத்தில், பேருருவாய்ச் செதுக்கப்பட்டுள்ளனர்.