தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு ஊர் எது?

(தோட்டக் கிளைச் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் கிளைச் செயலாளரான கிராணியார் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் தலைவர் விளக்கமாகப் பேசிவிட்டார். பிள்ளைகளைப் பற்றிப் பேசும்படி எனக்கு உத்தரவு. கடல் தாண்டி வந்தவர்களுக்குப் பிறந்து, வீட்டுக்குள்ளே ஒரு நாடும் வாசலிலே ஒரு நாடுமாக வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் வேறு யாருமல்லர். நம்மைப் பெற்றவர்கள், நாம், நமக்குப் பின்னால் லயத்து வாசலில் விளையாடுகிறவர்கள், எல்லோரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே.

நம் பெரியவர்கள் "ஊருக்குப் போகணும்" என்று சொன்னால் அது சேலம், திருச்சி, தஞ்சாவூர், வடஆற்காடு என்று பொருள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் அவர்கள். சில வருஷம் உழைத்து நாலு காசு சேர்த்துத் திரும்புவதாக நினைத்தே வந்தார்கள். 1938இல் இந்திய சர்க்கார் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணிகள் ஆள் கட்டி வரும் வழக்கம் அத்தோடு முடிந்தது. பிறகு யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், சயாம் ரயில் பாதைக்கு ஆட்களைக் கொண்டுபோனான். சில வருஷம் என்பது முப்பது, நாற்பது வருஷமாயிற்று. ஆனாலும் ஊர் என்ற சொல் மட்டும் அக்கரையிலேயே தங்கிவிட்டது. பிள்ளைக்கோ அந்த ஊரில் ஒரு தெருவும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் லயம், பீலித் தண்ணீர், மாரியம்மன் கோயில், இருட்டில் அடிக்கும் பெரட்டு மணி.

பள்ளிக்கூடத்தையும் சொல்லவேண்டும். படிக்கும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வைத்தார்கள். ஓர் அறை, ஒரு கரும்பலகை. சில இடங்களில் பகலெல்லாம் கணக்கெழுதிய கிராணியே வாத்தியார். பாடநூல் சென்னையில் அச்சானது. பிள்ளை காவேரியையும் வைகையையும் மனப்பாடம் செய்தான். பக்கத்தில் ஓடிய பேராக் ஆற்றைப் பற்றி அந்தப் புத்தகம் பேசவில்லை. 1956இல் ரசாக் அறிக்கை வந்து, எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்று ஆன பிறகே இந்நாட்டு ஆறுகள் நம் புத்தகங்களில் நிலையாக இடம்பிடிக்கத் தொடங்கின.

ஆறாம் வகுப்பு முடிந்ததும் அடுத்த சோதனை. இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முன் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியில் கெட்டிக்காரன் என்று பேரெடுத்தவன் அங்கே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். நானும் அந்தப் பெஞ்சியில் இருந்தவன்தான். அந்த வருஷம் வீண் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இரண்டு மொழி தெரிந்தவனுக்கு நிர்வாகத்தோடு பேசவும் தெரியும், சட்டத்தைப் படிக்கவும் தெரியும். சங்கத்துக்கு அது லாபமே.

நம் பிள்ளைகள் பேசுவது தமிழுமல்ல, மலாயுமல்ல, கலப்படம் என்று பட்டணத்துப் படிப்பாளிகள் முகம் சுளிப்பதுண்டு. நாம் கித்தா என்கிறோம், பாசார் என்கிறோம், லாலான், பாராங் கத்தி, மண்டோர் என்கிறோம். உண்மைதான். மலாய்க்காரர் கடையைக் கெடாய் என்கிறார், கப்பலைக் கப்பால் என்கிறார், கட்டிலையும் பெட்டியையும் ஏறக்குறைய நம்மைப் போலவே சொல்கிறார். நம் தாத்தா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறுவதற்கு வெகுகாலம் முன்பே பெட்டி என்ற சொல்லும் கப்பல் என்ற சொல்லும் இங்கே வந்து குடியேறிவிட்டன. அவற்றிடம் யாரும் பெர்மிட் கேட்டதாகத் தெரியவில்லை! கூலி என்ற சொல்லும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அதற்கு மட்டும் நாம் பெருமைப்பட வேண்டாம்.

நிற்க. சொல்லிடம் கேட்காத பெர்மிட்டை மனிதனிடம் கேட்டார்கள். நான் முக்கியமாகப் பேச வந்தது அதைத்தான்.

1957 ஆகஸ்டு 31இல் மெர்டேக்கா. அன்றைக்கும் அதற்குப் பிறகும் இந்த மண்ணில் பிறந்த பிள்ளை சட்டப்படியே பிரஜை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், அதே லயத்தில், இந்தியாவில் பிறந்த அதே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணனுக்கோ மனுப் போட்டுப் பதியவேண்டும். முதல் ஓராண்டுக்குள் மனுப் போட்ட பெரியவர்களுக்கு மலாய்மொழிச் சோதனை கிடையாது. எத்தனை பேர் போட்டார்கள்? பட்டணத்துக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. சாட்சி வேண்டும், பத்திரம் வேண்டும். பத்திரம் ஜப்பான் காலத்தில் தொலைந்திருக்கும். "எப்படியும் ஊருக்குப் போகப்போகிறோம், இது எதற்கு?" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவரைக் காடு மேடாகத் தேடிப்போய் மனு எழுதிக் கொடுக்கவேண்டியது படித்தவர்களின் கடமை. சங்கத்தார் சிலர் செய்தார்கள்; அது போதவில்லை.

அதன் பலன், ஒரே அடுப்பில் சோறு தின்ற அண்ணனுக்குச் சிவப்பு அடையாள அட்டை, தம்பிக்கு நீலம். 1962 அக்டோபர் முதல் சட்டம் இறுகியது; இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்று ஆயிற்று. 1968இல் பிரஜையல்லாதவருக்கு வேலை பெர்மிட் என்று சட்டம் வந்தது. முப்பது வருஷம் செக்ரோலில் பேர் இருந்தவர், எந்த நிரையில் எந்த மரம் பால் தரும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடியவர், அரசாங்க ஏட்டில் அந்நியர். பல்லாயிரம் பேர் கப்பலேறிப் போனார்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன பேர் தெரியுமா? மலாயாக்காரன்!

இது பழங்கதை என்று நினைக்கவேண்டாம். 1982 மார்ச்சு முதல் தேதியிலிருந்து கல்யாணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து போட்டால் நமக்கு அது கல்யாணம். பதிவு அலுவலகத்துக்கு அல்ல. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் உரிமைதான் கணக்கு. தாய்க்கே பிறப்புப் பத்திரம் இல்லையென்றால், தகப்பன் கையில் நீல அட்டை இருந்தும் பிள்ளைக்குப் பிரயோஜனமில்லை. பாட்டி போடாத மனு பேரனைப் பிடிக்கிறது. அவனுக்குப் பள்ளியில் சேர்வது கஷ்டம், பரீட்சை எழுதுவது கஷ்டம், வேலையில் சேமநிதி கட்டுவது கஷ்டம். நன்றாக மலாய் பேசுவான், தமிழும் பேசுவான். எந்த மொழியில் கேட்டாலும் காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை.

இன்னொன்று. அக்கரை ஊர் கைவிட்டுப்போனது, தோட்டமாவது ஊராக நிற்கிறதா? நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்திருப்பது பிராங் புசார் ரப்பர் தோட்டம் இருந்த நிலத்தில். 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. பத்திரத்தில் பிறந்த இடம் என்று எழுதியிருக்கும் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகவோ செம்பனைக் காடாகவோ இருக்கும். லயம் இடிந்த பிறகு அந்த ஒரு காகிதம்தான் அவன் இந்த ஊரான் என்று சாட்சி சொல்லும்.

இன்று நம் பக்கத்து லயத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இருக்கிறார்கள். குடும்பத்தைக் கூட்டிவர அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. இரவில் கைத்தொலைபேசியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குகிறார்கள். நம் பையன்கள் சிலர் அவர்களை ஏளனப் பேர் சொல்லிக் கூப்பிடுவது என் காதில் விழுகிறது. நம் தாத்தாவை இப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொடுங்கள். அவர்களையும் சங்கத்தில் சேர்க்கவேண்டும் என்பது என் கட்சி. அதைச் செயற்குழுவில் வாதாடுவேன்.

இப்போது செய்யவேண்டிய காரியம். சம்பளத்துக்கு மறுநாள் சாயந்தரம் கிளை அலுவலகம் திறந்திருக்கும். பத்திரமோ அட்டையோ இல்லாத பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும், கல்யாணம் பதியாதவர்கள் இருந்தாலும், கூச்சப்படாமல் வாருங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊசி போட்ட அட்டை, பள்ளிச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பிரசவம் பார்த்த பாட்டி உயிரோடு இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். பழைய செக்ரோல் புத்தகங்களைப் பார்க்க நிர்வாகத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன். மனுவை நான் எழுதுகிறேன். பதிவு அலுவலகத்துக்குக் கூட வருவதற்கு இரண்டு பேர் வேண்டும். மலாய் நன்றாகப் பேசும் இளைஞர்கள் இப்போதே கையைத் தூக்கலாம்.