கொம்பு முன்னால், ஓசை பின்னால்

தேவனாம்பட்டினத்துப் பிள்ளைக்குக் கொடுவா மீனைப் பார்த்ததும் பெயர் தெரியும். அதே பெயரை எழுதிக் காட்டினால் திணறும். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக் கொம்பு. அதன் ஓசையோ ககரத்துக்குப் பிறகுதான் வருகிறது. போதாதற்குப் பின்னால் ஒரு காலும் நிற்கிறது!

பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டியபடி உரக்க வாசித்தால், கண்ணும் காதும் சேர்ந்து இந்த முடிச்சை அவிழ்க்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டச் சொன்னது. கைக்குழந்தைக்கு என்ன புரியும் என்கிறீர்களா? தாலாட்டு மட்டும் புரிந்தா தூங்குகிறது?

தமிழகப் பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகத் தந்தது. வகுப்பை வைத்து அல்ல, வாசிக்கும் திறனை வைத்துப் பிரித்தது நல்ல யோசனை.

வாசித்துக் காட்ட நேரமும் வாய்க்கும்: தேவனாம்பட்டினக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். கோடை விடுமுறையும் கூடவே வரும். எழுத்துக் கூட்டத் தயங்கும் அப்பா, படத்தைக் காட்டித் தன் பேச்சிலேயே கதை சொல்லலாம். பிள்ளை குறுக்கே கேள்வி கேட்டால், புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுப் பதில் சொல்லட்டும்.